கொருக்குப்பேட்டை மாட்டுக் கொட்டாய்களில் நோய்க் கண்காணிப்பு தொடங்கிய அனுபவம்

கால்நடை நோய்க் கண்காணிப்பு தொடங்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் எந்த ஆப், எந்த லேப் என்றுதான் கேட்டார்கள். பாசிட்டிவ் வந்தால் மாட்டுக்காரரிடம் என்ன சொல்வீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வட சென்னையின் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி சந்துகளில் அதுதான் முதல் கேள்வி.

நாங்கள் எடுத்துக்கொண்டது புருசெல்லோசிஸ், அதாவது கன்று வீச்சு நோய். சினை மாடு ஐந்து மாதத்துக்கு மேல் கன்றை வீசிவிடும், அப்புறம் பார்க்க நன்றாகவே இருந்துகொண்டு பாலில் கிருமியை விட்டுக்கொண்டிருக்கும், கறப்பவருக்கும் கன்று ஈனும்போது கை கொடுப்பவருக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று இழுக்கும். மாட்டுக்கு நடைமுறையில் சிகிச்சை கிடையாது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசியோடு இதற்கும் இலவசமாகப் போடுகிறார்கள், ஆனால் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும்.

அனுமதிக் கடிதங்கள் அலைச்சல்தான், கிடைத்துவிட்டன. கஷ்டமெல்லாம் கொட்டாய் வாசலில். நோட்டும் கையுமாகப் போனால் மாடு பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஓர் அக்கா நேராகவே கேட்டார்: "ஏம்மா, நோவுன்னு நீ எழுதிட்டுப் போயிடுவ, நாளைக்கு எவன் என்கிட்ட பால் வாங்குவான்?" நியாயம்தானே. பெயர் வெளியே போகாது என்று எழுதிக் கொடுத்தோம், பாலைப் பொங்கக் காய்ச்சினால் இந்தக் கிருமி பிழைக்காது என்பதை வாங்குபவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

சோதனையை அவர்கள் எதிரிலேயே செய்தோம். முந்தின நாள் கறந்து ஐஸ் பெட்டியில் வைத்த பால் ஒரு மில்லி, அதில் சாயம் ஏற்றிய ஆன்டிஜென் (கொல்லப்பட்ட இதே கிருமி கலந்த சோதனை மருந்து) ஒரு சொட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். மேலே திரளும் ஆடையில் நீல வளையம் கட்டி அடிப்பால் வெளுத்தால் சந்தேகம், பால் முழுக்க நீலமாகவே நின்றால் நிம்மதி. மடி நோய் இருந்தாலும், சீம்பாலாக இருந்தாலும் வளையம் தப்பாகக் காட்டலாம், அதனால் ரத்தம் எடுத்து லேபில் உறுதியான பிறகுதான் பேச்சு.

வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. இந்தச் சந்தில் எங்கே புதைப்பது? குப்பைத் தொட்டி, இல்லாவிட்டால் பக்கிங்காம் கால்வாய், நடுவில் தெருநாய்கள் இழுத்துக்கொண்டு ஓடும். இதற்கு வழி செய்யாமல் ஒரு சாம்பிள்கூட எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். கையுறை, கனமான பை, பிளீச்சிங் பவுடர் கொட்டாய்தோறும் கொடுத்தோம். போன் செய்தால் வந்து எடுத்து, மருத்துவக் கழிவு எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோக ஒரு வண்டியும் ஏற்பாடானது. அந்த வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குப் போனே வர ஆரம்பித்தது.

இப்போது வாரா வாரம் சந்துக்கு ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். "ஒண்ணும் இல்லம்மா" என்றால் அதையும் எழுதிக்கொள்கிறோம். போனை எடுக்காத சந்துக்கு நேரில் போய்விடுகிறோம், அந்தச் சந்தில் எதுவும் நடக்கவில்லை என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது.