மழையை நிறுத்தாத மந்திரவாதி

மந்திரவாதி, டிராகன், முதல் பக்கத்திலேயே ஒரு வரைபடம். இந்த மூன்றும் இருக்கிற புத்தகத்தை நான் கையில் எடுப்பதில்லை. குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்ப்பவளுக்கு, கோலை அசைத்தால் எல்லாம் சரியாகிவிடும் கதைகளில் மனம் ஒட்டாது. பிளஸ் ஒன் படிக்கும் தங்கை மகள்தான், "பெரியம்மா, ஓகியன் வர்ற வரைக்குமாவது படிங்க" என்று உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'யைத் தந்துவிட்டுப் போனாள். சரி, அவளுக்காக என்று ஆரம்பித்தேன்.

1968இல் வந்த நாவல். பதின்வயதினருக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டு எழுதியது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் வெள்ளைத்தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, இளவயதில் எப்படி இருந்திருப்பார்கள், வித்தையை எங்கே கற்றிருப்பார்கள் என்ற யோசனையில் பிறந்தவன்தான் கெட். கோன்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்க்கும் கொல்லன் மகன். செம்பழுப்பு நிறத்தவன். அவன் உயிர் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. இதையெல்லாம் போகிற போக்கில் எழுதியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் ஓகியன் வந்தார். பூகம்பத்தையே அடக்கியவர் என்று பெயர் வாங்கியவர். சீடனாகச் சேர்ந்த பையன் மந்திரம் எப்போது ஆரம்பிக்கும் என்று துடிக்கிறான். அவரோ பேசாமல் நடந்துகொண்டே இருக்கிறார். மழை பிடிக்கிறது. சாதாரண மந்திரவாதிகூட மேகத்தை வேறு பக்கம் தள்ளிவிடுவான். இவர் ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். பையன் சொட்டும் புதருக்குள் நனைந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்தப் பக்கத்தில்தான். முடியும் என்பதற்காகவே ஒன்றைச் செய்துவிடக் கூடாது என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

ரோக் தீவில் மந்திரப் பள்ளி, போட்டி, செருக்கு, அதனால் அவிழ்த்துவிடப்படும் நிழல் எல்லாம் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். என்னை உலுக்கியது அதற்குப் பின்னால் வருகிறது. படகு கட்டும் பெச்வாரியின் சின்ன மகன் சாகக் கிடக்கிறான். காயத்தை ஆற்று, நோயைத் தீர், போகிற உயிரைப் போக விடு என்பது கெட் படித்த பாடம். ஆனால் தாய் அலறுகிறாள். அழாதே, இவர் வந்துவிட்டார், காப்பாற்றிவிடுவார் என்று பெச்வாரி அவளைத் தேற்றுகிறான். அந்த நம்பிக்கையைப் பார்த்துவிட்டு எப்படி முடியாது என்று சொல்வது? கெட் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி இருட்டுக்குள் இறங்குகிறான். சரிவில் பையன் வேகமாக முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறான். எட்டவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. பிணம் போலக் கிடந்த கெட்டைத் திரும்பக் கொண்டுவருவது அவன் வளர்க்கும் ஒரு சின்னப் பிராணி, அவனை நக்கி நக்கி.

பெச்வாரி அன்று பார்த்த பார்வையை நான் வார்டு வாசலில் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் நிற்பது எவ்வளவு பாரம் என்பதை ஒரு மந்திரவாதிக் கதை இவ்வளவு சரியாகச் சொல்லும் என்று நான் நினைக்கவே இல்லை. பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் மரணத்தைப் பூசி மெழுகாமல் வைத்திருக்கிறார் லெ குவின். அதற்காகவே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. கதை ஓஸ்கில் என்னும் தீவின் கோட்டைக்குப் போகும் பகுதி இழுக்கிறது. பெண்களின் மந்திரம் என்றால் மட்டம் என்று ஒரு பழமொழி வேறு வருகிறது, படித்தபோது சுருக்கென்றது. லெ குவினுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும், 1990இல் 'டெஹானு'வில் இதே உலகத்தைப் பெண்கள் பக்கமிருந்து எழுதினார். அதற்கு முன்னால் வந்த இரண்டாம் நாவலிலேயே ஒரு பெண்தான் மையமாம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.