முப்பது டயோட்களைத் திருப்பிய கதை

விசுவமடுப் பக்கம் தோட்டம் செய்பவர்களுக்குக் கோடையில் தவறாமல் வருகிற செலவு, எரிந்த மோட்டாரின் சுருளை மீளச் சுற்றுவது. கிணறு வற்றிய பிறகும் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அழுத்தம் படுத்துவிடும். இரண்டிலும் மோட்டாரை நிறுத்துகிற சிறு பலகை ஒன்றை வடிவமைத்து, கிளிநொச்சியில் என் திருத்துகடையில் கையாலேயே பற்றவைத்துக் கொடுத்துவந்தேன். அதில் வரும் ரெசிஸ்டர் 1.6 மில்லிமீற்றர் நீளம், 0.8 அகலம். மின்விசிறியைப் போட்டால் பறந்துவிடும். நிறுத்தினால் வியர்வை பலகையில் சொட்டும். ஒன்றை முடிக்க இரண்டு மணி நேரம்.

ஒரே தடவையில் முப்பது கேட்டு ஆள் வந்தபோதுதான், பாகங்களைப் பொருத்தித் தரும் சீன நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பத் துணிந்தேன். மூன்று கோப்புகள் கேட்டார்கள்: பலகையின் படலங்கள் அடங்கிய கெர்பர், பாகங்களின் பட்டியல், எந்தப் பாகம் எங்கே எந்தக் கோணத்தில் அமர வேண்டும் என்று சொல்லும் இடக்கோப்பு.

விலையைப் பார்த்ததும் தலை சுற்றியது. அதிகம் பயன்படும் பாகங்கள் வரிசையாக அடங்கிய நாடாச் சுருள்கள் அவர்களது இயந்திரத்தில் எப்போதும் மாட்டியிருக்கும். மற்ற ஒவ்வொரு சுருளையும் மாட்டத் தனிக் கட்டணம். நானோ 9.1, 10, 12 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் என்று தாராளமாகப் போட்டிருந்தேன். கணக்குப் பார்த்தால் மூன்று இடத்திலும் 10 போதும். மோட்டாரைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் கம்பி முனைகளையும் நானே பற்றவைப்பதாகச் சொல்லிக் கழித்தேன். விலை பாதிக்கு வந்தது.

இரண்டு நாளில் ஒரு மின்னஞ்சல்: டி3 டயோடின் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) திசை தெளிவாக இல்லை, உறுதிப்படுத்தவும். வவுனியா பஸ்ஸில் நின்றுகொண்டு, ‘கோப்பில் உள்ளபடியே’ என்று பதில் போட்டேன்.

கொழும்பில் சுங்கத்துக்குக் கட்டணப் பட்டியலைக் காட்டி, வரி கட்டி, பொதி வந்து சேர்ந்தது. பற்றவைப்பு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. முதல் பலகைக்கு மின்சாரம் கொடுத்தேன். ரிலே இழுக்க வேண்டிய கணத்தில் அதை இயக்கும் டிரான்சிஸ்டர் புகைந்தது. டி3 ரிலேச் சுருளுக்குக் குறுக்கே நிற்கும் டயோட். அதன் திசையைக் காட்டும் வெள்ளைக்கோடு மறுபக்கம் இருந்தது. முப்பதிலும்.

அவர்களைக் குறை சொல்ல வழியில்லை, கேட்டுத்தான் செய்திருந்தார்கள். என் வரைபடத்தில் சுழியப் பாகை ஒரு பக்கம், அவர்களது நாடாச் சுருளில் இன்னொரு பக்கம். கழற்றுவதும் இலேசாக இல்லை. ஈயமில்லாத அந்தப் பற்று உருக 217 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நான் பழகிய ஈயக்கலவைக்கு 183 போதும். கடைசியில் பழைய ஈயத்தையே மேலே கொஞ்சம் உருக்கிவிட்டு, அது கலந்து இளகியதும் இடுக்கியால் திருப்பினேன். மூன்று இரவுகள் போயின.

அடுத்த ஐம்பதுக்கும் மின்னஞ்சல் வந்தது, இம்முறை எல்ஈடியைப் பற்றி. கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். பழைய பலகையைப் படமெடுத்து, மறை முனைக்குச் சிவப்பு அம்பு போட்டு அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது: ‘நன்றி, 180 பாகை திருப்பிவிடுகிறோம்.’