பழைய ஜிப்சியின் பட்டைகளை மாற்றி உயர்த்திய அனுபவம்

என்னிடம் இருப்பது 1998-ஆம் ஆண்டின் மாருதி ஜிப்சி கிங். 1.3 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சின், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது), இரு பக்கமும் முழு ஆக்சில் என்ற எளிய அமைப்பு. கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அது முணுமுணுக்காமல் ஏறிவிடும். சிக்கல் செம்மேட்டுக்கு அப்பால், எங்கள் மிளகுத் தோட்டத்துக்குப் பிரியும் மண் பாதையின் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்டர்கள் போய் வந்து அந்தப் பாதையில் இரண்டு ஆழமான தடங்களை உண்டாக்கிவிடுகின்றன. தடங்களுக்கு நடுவே எஞ்சி நிற்கும் மேட்டில் வண்டியின் வயிறு உரசுகிறது. ஒரு திருப்பத்தில் தலை நீட்டியிருக்கும் பாறையில் பின் டிஃபரன்ஷியல் உருண்டை ஒவ்வொரு முறையும் இடிக்கிறது.

இரண்டையும் ஒரே வேலையில் தீர்த்துவிடலாம் என்று எண்ணித்தான் சஸ்பென்ஷனை உயர்த்த முடிவு செய்தேன். அந்தக் கணக்கில் பாதி தவறு. பட்டையை உயர்த்தினால் உயர்வது ஆக்சிலுக்கு மேலே இருக்கும் அடிச்சட்டமான சேசிஸும் பாடியும் மட்டுமே. ஆக்சிலும் அதன் நடுவில் தொங்கும் உருண்டையும் சக்கரத்தின் மையத்தோடு கட்டுப்பட்டவை என்பதால் பழைய உயரத்திலேயே இருக்கும். அவற்றை உயர்த்த வேண்டுமானால் நடைமுறையில் பெரிய டயர்தான் வழி. என் வண்டியின் 205/70 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீட்டர். பலர் போடும் 215/75 ஆர் 15 ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். அதாவது உருண்டைக்குக் கிடைப்பது 18 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் ஐந்து விழுக்காடு குறைத்துக் காட்டும், மலையேற்றத்தில் கியர் அந்த அளவுக்குச் சோம்பும். டயரைத் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியவன் என்ற முறையில், முதலில் ஆசைப்பட்ட நான்கு அங்குல உயர்வை அதோடு மறந்தேன்.

அடுத்ததாக, வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் அதற்கு நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டேன். ஓட்டுநர் பக்கம் இடப்பக்கத்தைவிட 14 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பிறகு ஒரு முன் பட்டைக் கட்டைக் கழற்றி, உதிரிபாகக் கடையில் புதிய கம்பெனிக் கட்டு ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வளைவின் உயரத்தில் 28 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்தது. பின் கட்டில் 35. நான் கூட்ட விரும்பிய உயரத்தில் ஒரு பகுதி வண்டியிடம் ஏற்கெனவே இருந்து, இருபத்தைந்து ஆண்டுச் சுமையில் தொலைந்துபோனது. அதை மீட்டு, அதன் மேல் ஓர் அங்குலம் மட்டும் சேர்ப்பது என்று திட்டம் உறுதியானது.

இதற்கு முன்பே ஒரு குறுக்கு வழியில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்துத் தாங்கும் இரும்புத் துண்டான ஷாக்கிளை நீளமாக மாற்றினால் வண்டி உயரும். ஆனால் ஒரு முனை மட்டுமே இறங்குவதால் நீட்டிய அளவில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். முன்பக்கம் 50 மில்லிமீட்டர் நீட்டி 25 மில்லிமீட்டர் பெற்றேன். ஜிப்சியின் முன் ஷாக்கிள் பட்டையின் முன் முனையில் இருக்கிறது. அது நீண்டதும் பட்டை முன்பக்கமாகச் சரிந்து, ஆக்சிலின் மேற்பகுதியை முன்னோக்கித் திருப்பிவிட்டது. திரும்பிய சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் கேஸ்டர் கோணம் அதனால் குறைந்தது. ராசிபுரம் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் வண்டி தன் இஷ்டத்துக்கு அலைந்தது. கோணத்தை மீட்க, தடித்த பக்கம் முன்னால் வரும்படி ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு டிகிரி எஃகு ஆப்பு வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் திருந்தியது, ஆனால் அதே திருப்பம் முன் உருண்டைக்குள் சுழற்சி நுழையும் பல்சக்கரமான பினியனைத் தாழ்த்தியதால், நான்கு சக்கர ஓட்டத்தில் அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் பிராப்பல்லர் ஷாஃப்ட் நடுங்கத் தொடங்கியது. ஒரு மாதம் கழித்து இரண்டையும் கழற்றிப் பழைய ஷாக்கிளையே மாட்டினேன்.

லாரிகளின் ஊரான நாமக்கல்லில் பட்டை வேலைக்கு அலைய வேண்டியதில்லை. நான் போன பட்டறையின் பெரியவர் நீண்ட ஷாக்கிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டா மூக்கு தூக்கும், ஸ்டியரிங் கையில நிக்காதுங்க தம்பி” என்று, நான் ஒரு மாதம் பட்ட பாட்டை ஒரே வரியில் சொன்னார். பழைய பட்டைகளையே அடித்து வளைவேற்றித் தர முடியுமா என்று கேட்டேன். சூடேற்றாமல் வளைத்தால் சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடும், சூடேற்றினால் முறையாகத் தோய்த்துப் பதம் கொடுக்காவிட்டால் உடையும் என்று சொல்லி மறுத்துவிட்டார். கூடுதலாக ஒரு பட்டை செருகுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு பட்டைக் கட்டில் அதே தடிமனுள்ள ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழக் கால் பங்கு கூடிவிடும். வெறும் வண்டியாக ஓடும்போதே முதுகை உலுக்கும் ஜிப்சிக்கு அது தேவையில்லை. பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்காக ஏறுவதால், தடித்த பட்டைக்கு மாறுவதும் அதே தவறைப் பெரிதாகச் செய்வதாகும். முடிவில், பழைய எண்ணிக்கை, பழைய அகலம், பழைய தடிமன், கம்பெனி அளவைவிட 25 மில்லிமீட்டர் கூடுதல் வளைவு என்ற கணக்கில் சிலிக்கான்-மாங்கனீசு எஃகில் நான்கு புதிய கட்டுகள் செய்யச் சொன்னேன்.

பழையவற்றைக் கழற்றுவது அரை நாள் வேலை என்று நினைத்திருந்தேன்; மூன்று நாள் பிடித்தது. சேசிஸின் கீழ் நான்கு ஸ்டாண்டுகளில் வண்டியை நிறுத்தி, ஆக்சிலைத் தனியே ஜாக்கியில் தாங்கிக்கொண்டோம். உதவிக்கு என் மச்சான் இருந்தார். பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டின் நட்டுகள் ஓரளவு ஒத்துழைத்தன. பட்டையின் நிலையான முனையைப் பிடித்திருக்கும் போல்ட்தான் அசையவில்லை. அசைந்தபோதும் வெளியே வரவில்லை. பட்டை முனையின் கண்ணில் செருகிய ரப்பர் புஷ்ஷின் உள்ளே இருக்கும் எஃகுக் குழாயோடு துரு அதை ஒன்றாக்கிவிட்டிருந்தது. ஸ்பானரைத் திருப்பினால் போல்ட்டும் குழாயும் சேர்ந்து ரப்பருக்குள் சுழன்றனவே தவிர, ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை. டீசல், துரு நீக்கும் திரவம், சம்மட்டி எல்லாம் ஒரு நாளைத் தின்றன. மறுநாள், ரப்பரைச் சுற்றிலும் துளையிட்டுச் சிதைத்துப் பட்டையின் கண்ணை முதலில் விடுவித்துவிட்டு, குழாயின் இரு பக்கமும் போல்ட்டை அறுத்தோம். முன்பக்கம் கிரைண்டரால் பத்து நிமிடத்தில் முடிந்தது. பின்பக்கம் பெட்ரோல் டேங்க் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், தீப்பொறிக்கு அஞ்சி ஆக்சா பிளேடால் அறுத்தோம். ஒரு போல்ட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம், மூன்று பிளேடுகள். இதைச் செய்யப் போகிறவர்கள் நான்கு புதிய போல்ட்டுகளையும் எல்லாப் புஷ்களையும் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. புதிய போல்ட்டுகளுக்கு நான் கிரீஸ் தாராளமாகப் பூசினேன்.

மாட்டும்போது கவனித்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். கட்டின் பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் இருக்கையின் துளையில் முழுதாக அமர்ந்த பிறகே யூ போல்ட்டை இறுக்க வேண்டும். அமராமல் இறுக்கினால் ஆக்சில் கோணலாக நிற்கும். அடுத்தது, ஷாக்கிள் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை மேலும் கீழும் அமுக்கிவிட்டு அதன் பிறகே முழுதாக முறுக்க வேண்டும். பட்டை தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் நிரந்தரமாகத் திருகப்பட்ட நிலையில் நின்று விரைவில் கிழியும். பழைய யூ போல்ட்டுகள் ஒரு முறை இழுபட்டவை என்பதால் அவற்றைத் திரும்பப் போடவில்லை.

பட்டை ஏறிய பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. பின் ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டுப் பார்த்தபோது பிரேக் ஹோஸ் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. எங்கள் பக்கம் போர்வெல் வண்டிகளுக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் நிறைய உண்டு. எந்த நீளத்திலும் பத்து நிமிடத்தில் செய்து தந்துவிடுவார்கள், அழுத்தத்தையும் அது தாங்கும். ஆனால் அந்த ஹோஸின் உட்புற ரப்பர் பெட்ரோலிய எண்ணெய்க்கானது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் ரப்பர் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். சோதனை செய்து பார்க்கக்கூடிய இடமா எழுபது வளைவு இறக்கம்? ஹோஸைக் கம்பெனிப் பொருளாகவே புதிதாக வாங்கி, சேசிஸில் அது இணையும் தாங்கியை ஒரு சிறு இரும்புத் துண்டால் 40 மில்லிமீட்டர் கீழே இறக்கி, மேலிருந்து வரும் உலோகக் குழாயை நெரியாமல் மெல்ல வளைத்துச் சேர்த்தேன். முன் ஹோஸ்களில் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். தளர்வு போதுமானதாக இருந்தது.

ஷாக் அப்சார்பர்களை மாற்ற வேண்டியிருந்தது, ஏனெனில் பட்டை முழுதாக இறங்கும் முன்பே பழையவை முழு நீளத்தை எட்டி, ஆக்சிலின் எடையைத் தாங்கித் தொங்கின. நீளமானதை வாங்கினால் போதும் என்று தோன்றும். சுருங்கிய நிலையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பம்ப் ஸ்டாப் ரப்பர் ஆக்சிலைத் தடுக்கும் முன்பே ஷாக் அடி தட்டினால் அதன் தாங்கி உடையும்.

ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிராக் லிங்க்கின் சாய்வு கூடியதால் ஸ்டியரிங் வளையம் நேராக ஓடும்போதும் பத்து மணி திசையில் நின்றது. லிங்க்கின் பூட்டு நட்டுகளைத் தளர்த்தி நீளத்தைத் திருத்தியதும் நேரானது.

கடைசிச் சிக்கல் முழுக்க என் அவசரத்தால் வந்தது. பின் பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய இடம் தரும் நழுவு முனை எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக அதைப் பிரித்தேன். சில மில்லிமீட்டர்தான், கவலையில்லை. கிரீஸ் வைத்து மாட்டி ஓட்டிப் பார்த்தால் 50-ஐத் தாண்டியதும் தரையெல்லாம் அதிர்ந்தது. உயர்த்தியதால் கூடிய கோணம்தான் காரணம் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் சுழற்சியை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் அச்சும் பினியனின் அச்சும் இணையாக இருக்கும்வரை, ஷாஃப்ட்டின் ஒரு முனை ஜாயிண்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மறு முனையின் ஜாயிண்ட் சமன் செய்துவிடும்; அந்த இணை கெடவில்லை என்பதைக் கோணமானியில் பார்த்துவிட்டேன். படுத்து மீண்டும் பார்த்தபோதுதான் ஜாயிண்ட்டுகளைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இல்லை என்பது தெரிந்தது. பிரிக்கும்போது பெயிண்ட்டால் அடையாளம் வைக்காமல், பற்களை மாற்றிச் செருகியிருக்கிறேன். சரியாகச் செருகியதும் அதிர்வு அடியோடு நின்றது.

இறக்கிய அன்று முன்னால் சராசரியாக 49, பின்னால் 56 மில்லிமீட்டர் உயர்வு கிடைத்தது. நூறு கிலோமீட்டரில் யூ போல்ட் நட்டுகள் கால் திருப்பு இடம் கொடுத்தன, இறுக்கினேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் பட்டைகள் அமர்ந்து 43, 50 என்ற அளவில் நிலைத்திருக்கின்றன. இடவல வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்குள். முதல் சில வாரம் சவாரி கட்டையாக இருந்தது. வளைவு கூடியதால் ஷாக்கிள் ஏறக்குறைய நேர்க்குத்தாக நின்றதே காரணம், பட்டை அமர அமர அது சற்றுச் சாய்ந்து இளகிக்கொடுத்தது. கார்த்திகை மழையின் நடுவில் தோட்டத்துக்குப் போனபோது நடுமேடு வயிற்றில் ஓரிடத்தில் மட்டும் தொட்டது. வழக்கமாக இறங்கி மண்வெட்டி எடுக்கும் இடங்களில் இறங்கவில்லை.

பாறை, எதிர்பார்த்தபடி, உருண்டையை இடித்தது. அன்று மாலையே மச்சான் சம்மட்டியும் உளியும் கொண்டுபோய் அதன் தலையைத் தட்டிவிட்டு வந்தார்; அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஹெட்லைட் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழுவதால் அதை இன்னும் தாழ்த்த வேண்டும். பின் ஆக்சிலின் உட்காற்று வெளியேறும் மூச்சுக் குழாயும் இழுத்துக்கொண்டு நிற்பதால் நீளமானதாக மாற்றக் கழற்றி வைத்திருக்கிறேன்.