ஐம்பதாம் வருஷம்

நம் 1976 எஸ்.எஸ்.எல்.சி. செட்டுக்கு இந்த 2026இல் ஐம்பது நிறைகிறது. மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்ட அதே வாரம், கணக்கு சார் காலமான செய்தி ஊரிலிருந்து வந்தது. விடுதிச் சாப்பாடு, விளையாட்டு விழா, மாயவரம் ரயில் லேட்டானால் முழங்கால் போட்டது எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதட்டும். நான் சாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கணக்குக்கும் வேதபாடத்துக்கும் அவரே வந்தது நம் பாக்கியம். நீதிபோதனை வகுப்புக்குப் போக வேண்டிய என்னைப் போன்ற வெள்ளாமை வீட்டுப் பிள்ளைகளும் வேதபாட வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வோம். சார் ஒருவரையும் எழுப்பி அனுப்பியதில்லை. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது நம் தரங்கம்பாடியில்தான், அதைப் படிக்க உனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பார்.

"வேதத்தில் எண் வந்தால் உடனே கூட்டிக் கழிக்காதே, அது எதற்காக நிற்கிறது என்று பார்." இதை அவர் சொல்லாத வாரம் இல்லை. ஏழு என்றால் நிறைவு. ஆறு நாள் படைப்பு, ஏழாம் நாள் ஓய்வு. பன்னிரண்டு என்றால் ஜனம். பன்னிரண்டு கோத்திரம், பன்னிரண்டு சீஷர். நாற்பது என்றால் சோதனையும் காத்திருப்பும். நோவா காலத்து மழை, சீனாய் மலையில் மோசே, வனாந்தரத்தில் இயேசுவின் உபவாசம். காயீன் வம்சத்து லாமேக்கு தனக்காக எழுபத்தேழு மடங்கு பழி சுமரும் என்று மார்தட்டினான். எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா என்று பேதுரு கேட்டபோது, ஏழெழுபது தரம் என்றார் இயேசு. பழிக்குப் போட்ட கணக்கை அவர் மன்னிப்புக்குத் திருப்பிவிட்டார் என்று சொல்லும்போது சாருக்குக் குரல் கம்மும். மடைத் தண்ணீருக்காகக் கோர்ட்டுக்குப் போன இரண்டு குடும்பங்களின் பையன்கள் அந்த வகுப்பில் இருந்தார்கள். அது அவருக்குத் தெரியும்.

யோவான் 21ஆம் அதிகாரம் நடத்திய அன்று ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தார். வராந்தாவில் முதல் வரிசைக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று எங்களை அடுக்கச் சொன்னார். பதினேழாவது வரிசை முடிந்தபோது தரையில் ஒரு முக்கோணம் நின்றது. எண்ணிப் பார்த்தால் 153. உயிர்த்தெழுந்த இயேசுவின் சொல் கேட்டுப் போட்ட வலையில் அத்தனை பெரிய மீன்கள், வலை கிழியவில்லை. பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு வரங்களும் சேர்ந்தால் பதினேழு, அதன் விரிவுதான் 153 என்று 1,600 வருஷத்துக்கு முன்பே புனித அகஸ்டின் விளக்கியிருக்கிறார் என்றார். அப்போது கடற்கரைத் தெருப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பங்கு பிரிக்கணும்ல, அதான் எண்ணியிருப்பாங்க" என்றான். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "நீ சொல்றதுதான்டா முதல் அர்த்தம். உழைச்சவனுக்கு எண்ணிக்கை வேணும். அகஸ்டின் சொன்னது அதுக்கு மேல வர்றது" என்றார். இப்படி ஒரு வாத்தியாரை அப்புறம் நான் எங்கும் பார்க்கவில்லை.

எபிரேயத்தில் எழுத்தே எண்ணாகவும் நிற்கும் என்பதை விளக்க, பழைய நிலப் பத்திரங்களில் க என்று போட்டால் ஒன்று, உ என்று போட்டால் இரண்டு என்று இருக்குமே, அதைக் காட்டினார். தாவீது என்ற பெயரின் எழுத்துகள் 4, 6, 4, கூட்டினால் 14. மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை மூன்று பதினான்கு தலைமுறைகளாகப் பிரிப்பது இதற்காகவே என்று பலர் சொல்வதைச் சொல்லிவிட்டு, நாளாகமத்தைத் திறக்கச் சொன்னார். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருந்தார்கள். மத்தேயுவில் அவர்களைக் காணோம். மத்தேயு எழுதியது ஜனத்தொகைக் கணக்கு இல்லை, தாவீதின் குமாரன் வந்துவிட்டான் என்ற அறிவிப்பு என்றார். வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666ஐ வைத்து ஊரைப் பயமுறுத்துகிறவர்கள்மேல் மட்டும் அவருக்குக் கோபம் வரும். ரோம ராஜா நீரோ சீசரின் பெயரை 'நீரோன் சீசர்' என்று எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினாலே அந்த எண் வந்துவிடும். சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. நீரோன் என்பதன் கடைசி 'ன்' எழுத்தைச் சேர்க்காமல் எழுதினால் அதுவும் சரியாக வரும். "கொடுமைக்கார ராஜாவுக்குப் பயந்து மறைச்சு எழுதினது. உன் பக்கத்து வீட்டுக்காரனைத் தேடறதுக்கு இல்ல."

எனக்கு இன்றும் விட்டுப்போகாதது யூபிலி பாடம். ஏழேழு நாற்பத்தொன்பது வருஷம் கழிந்து ஐம்பதாவது வருஷம் எக்காளம் ஊத வேண்டும். விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். அவனவன் தன் காணியாட்சிக்கும் தன் குடும்பத்துக்கும் போக வேண்டும். லேவியராகமம் 25. யூபிலிக்கு எத்தனை வருஷம் பாக்கியோ அத்தனை வருஷ விளைச்சலுக்குத்தான் விலை, ஏனென்றால் அவன் விற்பது பலன்களின் தொகையைத்தான், நிலத்தை அல்ல. சார் இதை எங்களுக்கு ஒரு கணக்காகவே கொடுத்தார். யூபிலிக்கு இன்னும் இருபது வருஷம், குறுவையும் சம்பாவும் எடுக்கிற நிலம், மொத்தம் எத்தனை போகத்துக்கு விலை? நாற்பது என்று முதலில் கைதூக்கியவன் நான்.

அப்பா போன பிறகு எங்கள் கடைமடை நிலத்தை விற்றேன். பத்திரத்தில் போகக் கணக்கு எதுவும் இல்லை. புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு சிங்கப்பூர் திரும்பினேன். வாங்கியவன் நம் செட்டுக்காரன்தான். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேராத வருஷங்களிலும் போர் போட்டு அந்த மண்ணைத் தரிசு விடாமல் காப்பாற்றினான். அது அவனுடையதாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இந்த நாடு எனக்கு வேலை கொடுத்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுத்தது. அந்த நன்றியும் நிறைய இருக்கிறது. ஆனாலும் ஐம்பதாம் வருஷத்தில் திரும்பிப் போக எனக்கு அங்கே ஒரு சென்ட் இல்லை என்பது இந்த வருஷம் முழுக்க மனசை அரிக்கிறது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாருக்குப் போன் செய்வேன். நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எப்பப்பா ஊரோட வர்ற?" பிள்ளைகள் படிப்பு முடியட்டும் சார் என்பேன். படிப்பு முடிந்தது, கல்யாணம் முடிந்தது, பேரன் பள்ளிக்கூடம் போகிறான். போன கிறிஸ்துமஸுக்கும் கேட்டார். நானும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன்.