இடுப்பு வலி: அக்குபஞ்சர் ஊசி பாதி, வாய்க்கால் மேட்டு நடை பாதி

18 வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறேன். காலை 8.30க்கு உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழும்போது இரவு 8.30. போன வருடம் ஆடி மாதம் ஒரு நாள், கீழே கிடந்த துணி பீஸ் கட்டை உட்கார்ந்த வாக்கிலேயே திரும்பிக் குனிந்து எடுத்தேன். இடுப்பில் படக்கென்று ஏதோ பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. பொங்கலூர் வரைக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தேன்.

"வாயுப் பிடிப்புதாங் கண்ணு, சுளுக்கு வழிச்சாச் சரியாப் போயிரும்" என்றார் அத்தை. வழித்த மறுநாள் வலி இடது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கிவிட்டது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் அழுதேன்.

பிறகு வேறொரு எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் படத்தைக் கையில் வாங்கும் முன்பே என்னைக் குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார், மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். மூத்திரம் போக முடியாமல் அடைக்கிறதா, தெரியாமல் போய்விடுகிறதா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா என்று கேட்டார். எனக்கு அதெல்லாம் இல்லை. "கால்ல பலம் நல்லாருக்குங்க. பிதுங்கின ஜவ்வு பெரும்பாலும் தானாவே சுருங்கிக்கும். ஆபரேஷன் இப்ப வேண்டாம், ஆனா படுத்தே கெடக்காதீங்க" என்றார். அவர் கேட்டவற்றில் ஒன்று இருந்தாலும், கால் பலம் குறைந்தாலும், ஊசி ஒத்தடம் என்று நாளைக் கடத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அக்குபஞ்சரைச் சொன்னது என் தம்பி பெண்சாதி. முதலில் போன இடத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள், பிரஷர் மாத்திரை உட்பட. எழுந்து வந்துவிட்டேன். என் அப்பா பிரஷர் மாத்திரையை நடுவில் விட்டதால் பக்கவாதம் வந்து நான்கு வருடம் கட்டிலில் கிடந்தவர்.

அடுத்துப் பல்லடத்தில் ஓர் அம்மாவிடம் போனேன். டாக்டர் சீட்டை முழுதாகப் படித்தார். ஊசி உறையை என் கண் முன்னால்தான் பிரித்தார். குப்புறப் படுக்க வைத்து முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் தள்ளிச் சில ஊசிகள், முழங்கால் மடிப்பின் நடுவில் ஒவ்வொன்று. தலைமுடி மாதிரி மெல்லிசு. குத்தும்போது எறும்புக் கடிதான். கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குள் கனத்து, மதமதவென்று ஓர் இழுப்பு வரும். அந்தக் கனம் வந்தால்தான் இடம் சரி என்பார். 25 நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். வாரம் இரண்டு தடவை, மொத்தம் 10, தடவைக்கு 300 ரூபாய். முதல் இரண்டு தடவையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முடிந்த இரவு, ஒரு மாதத்துக்குப் பிறகு புரண்டு படுத்துத் தூங்கினேன்.

நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து ஜெர்மனியில் செய்த ஆய்வு 2007இல் வெளியானதாக மகள் படித்துச் சொன்னாள். ஊசி போட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நல்ல குணம்; மாத்திரையும் உடற்பயிற்சியுமாக வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் கால்வாசிக்குச் சற்று மேல். ஆனால் அக்குபஞ்சர் புள்ளியை விட்டுத் தள்ளி மேலாக ஊசி போட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்திருக்கிறது. எனக்கு இதில் வருத்தமில்லை. ஊசி ஜவ்வை உள்ளே தள்ளிவிட்டது என்று நான் நம்பவில்லை. வலி தணிந்ததால் நடக்க முடிந்தது, எனக்கு அது போதும்.

விடிய 5.30க்கு பீஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் மேட்டில் நடந்தேன். முதல் வாரம் ஐந்து நிமிடம், இரண்டு மாதத்தில் அரை மணி நேரம். வந்ததும் பாயில் மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்கி இறக்குவது, பிறகு கையும் முட்டியும் ஊன்றி முதுகைப் பூனை மாதிரி வளைப்பது. ராத்திரி கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். கம்பெனியில் பீஸ் கட்டை இடுப்பு உயரத்துக்கு ஸ்டூல் மேல் வைக்கச் சொல்லிவிட்டேன். நூல் கோன் மாற்றும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். பீஸ் ரேட்டில் ஓட்டுவதால் எழுந்த நிமிடமெல்லாம் கூலியில் குறையும். குறையட்டும் என்று விட்டுவிட்டேன்.

தைப் பொங்கல் முடிந்து ஒருமுறை வலி திரும்பியது. எங்கள் ஊரில் தண்ணீர் வாரம் ஒருமுறைதான் வரும். அன்றைக்கு முழுக் குடத்தை இடுப்பில் ஏற்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்திருக்கிறேன். இந்தத் தடவை பயப்படவில்லை. நடையைக் குறைத்துக்கொண்டேன், நிறுத்தவில்லை. இரண்டு தடவை ஊசிக்குப் போனேன், பத்து நாளில் அடங்கியது. இப்போது கையில் தூக்கும் வாளியில் பாதி பாதியாகத்தான் எடுக்கிறேன். போன வாரம் தொட்டி நிறைய 14 நடை ஆனது. கடைசி நான்கை மகன் தூக்கிக்கொண்டான்.