அப்பாவின் காலண்டரும் என் தபால் ஓட்டும்

அப்பா ரப்பர் ஷீட்டைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே ஒரு தடவை எடை போடுவார். அடுக்களை வாசலில் தொங்கும் காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் கிலோவைக் குறித்துவிட்டுத்தான் கட்டைத் தூக்குவார். கடையில் தரும் துண்டுச்சீட்டை சாயங்காலம் அதோடு ஒத்துப் பார்ப்பார். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒத்துப் பார்க்காமல் படுக்க மாட்டார்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில், விளவங்கோடு தொகுதி. 2024 ஏப்ரல் 19 அன்று அங்கே நாடாளுமன்றத்துக்கு ஒரு ஓட்டு, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒரு ஓட்டு. எனக்குக் குளச்சல் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில் பூத் டியூட்டி. பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வீடு வந்து சேரும்போது விடிந்துவிட்டது. அப்பா திண்ணையில் காத்திருந்தார்.

"ரண்டு தடவ அமுக்கினேன் மக்ளே. கண்ணாடிக்குள்ள என்னவோ துண்டு வந்துது, விழுந்துது. வாசிக்க நேரம் கிடைக்கல்ல. எனக்க ஓட்டு எங்க போச்சுண்ணு ஆருக்குத் தெரியும்?"

போட்ட ஓட்டைத் துண்டுச்சீட்டில் அச்சடித்துக் காட்டும் பெட்டிதான் விவிபேட். அதன் கண்ணாடியில் அந்தத் துண்டு ஏழு விநாடிதான் தெரியும். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை. ஏழு விநாடியில் அவர் குனிந்து கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நான் ஆசிரியை. பல தேர்தலில் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்று காலை ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கியது. குறைந்தது ஐம்பது ஓட்டு போட வேண்டும். வேட்பாளர்களின் ஏஜென்டுகள் ஆளுக்கொன்றாக அமுக்க, யார் எதை அமுக்கினார்கள் என்று நான் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முடித்து எண்ணிக்கையைப் பார்த்தோம், விவிபேட் துண்டுகளை மேஜையில் கொட்டிப் பிரித்து எண்ணினோம். இரண்டும் என் தாளோடு ஒத்துப்போயின. பிறகு இயந்திரத்தில் இருந்ததை அழித்து, பூஜ்யம் காட்டி, துண்டுகளின் முதுகில் முத்திரை குத்திக் கறுப்புக் கவரில் போட்டு சீல் வைத்தோம். பச்சைத் தாள் முத்திரையில் ஏஜென்டுகளும் கையெழுத்துப் போட்டார்கள். கடலில் இருந்து அப்போதுதான் கரையேறி வந்திருந்த ஒரு ஏஜென்ட், கை உப்புப் பூத்திருக்க, பேனாவைப் பிடித்துத் தன் பெயரை முழுசாக எழுதினார். அந்தக் கையெழுத்து இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அப்பா எல்லாம் கேட்டார். "அது நீ பாத்தது. நான் பாக்கல்லியே" என்றார்.

அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், இதே கேள்வி எனக்குள்ளேயும் பல வருஷமாகக் கிடக்கிறது. இயந்திரத்தைப் பற்றி அல்ல, தாளைப் பற்றி.

2016 சட்டமன்றத் தேர்தலில் டியூட்டியில் இருந்ததால் நான் தபால் ஓட்டு போட்டேன். ஓட்டுச்சீட்டை உள்கவரில் ஒட்டி, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, அதில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் சான்று வாங்கி, வெளிக்கவரில் வைக்க வேண்டும். எங்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம்தான் சான்றுக் கையெழுத்து வாங்கினேன். அப்படியே மறந்தும் போனேன்.

அப்புறம் ராதாபுரம் வழக்கைப் படித்தேன். ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணறு, பணகுடி எல்லாம் அந்தத் தொகுதிதான். அதே 2016-ல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை ஜெயித்தது 49 ஓட்டில். தோற்ற தி.மு.க. வேட்பாளர் அப்பாவு நீதிமன்றம் போனார். தள்ளுபடியான 203 தபால் ஓட்டுகள் வழக்கின் நடுவே வந்தன. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் போட்ட சான்று செல்லுமா, செல்லாதா என்பதுதான் சண்டை. செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொல்லி, அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் 2019 அக்டோபரில் திரும்ப எண்ண வைத்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முடிவு தெரியாமலே அந்தச் சட்டமன்றத்தின் ஐந்து வருஷமும் ஓடிப்போனது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. என் கவரிலும் அதே மாதிரிக் கையெழுத்துதானே? சான்று சரியில்லை என்று தள்ளினால் உள்கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். ஊருக்கெல்லாம் விரலில் மை வைத்த எனக்கு, என் ஓட்டு எண்ணப்பட்டதா என்று இன்றுவரை தெரியாது. யாருக்குப் போட்டேன் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். உன் கவர் ஏற்கப்பட்டது, அல்லது இன்ன காரணத்தால் தள்ளப்பட்டது என்று ஒரு வரி சொல்வதில் என்ன தடை? இதை நான் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கப்போகிறேன்.

பழையபடி சீட்டுக்கே போனால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களோடு அதனால்தான் என்னால் சேர முடியவில்லை. எல்லா விவிபேட் துண்டுகளையும் எண்ணக் கேட்ட வழக்கை, நாங்கள் ஓட்டுப் போட்ட ஒரே வாரத்தில், ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத்தின் துண்டுகளை மட்டும் எண்ணும் கணக்கு அப்படியே நிற்கிறது. நம் மாவட்டத்தின் ஆறு தொகுதிக்கும் சேர்த்து முப்பது. "முப்பதுதானா?" என்றார் அப்பா. எனக்கும் அது போதாது என்றுதான் படுகிறது.

ஆனால் கையில் இருப்பதையே நாம் விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்கு ஆத்திரம். ஓட்டுப்பதிவு முடிந்ததும் பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று 17சி படிவத்தில் எழுதி, ஏஜென்டுகளுக்கு நகல் தருவோம். எண்ணும் இடத்தில் இயந்திரம் காட்டும் தொகை அதோடு ஒத்துப்போக வேண்டும். கையெழுத்திட்ட கணக்கு அது. அன்று என் பூத்தில் நகல் வாங்காமலே ஒருவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வாசல்வரை ஓடிப்போய்க் கூப்பிட்டேன். "எல்லாம் பொறவு பாத்துக்கலாம் டீச்சர்" என்று போயே போய்விட்டார். அவருடைய கட்சிக்காரர்கள்தான் மறுநாள் டீக்கடையில் பெட்டியை மாற்றிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவிடம் 17சி பற்றிச் சொன்னதும் முகம் மாறியது. எங்கள் பூத்தில் இருந்த ஏஜென்ட் ஒருவர் தெரிந்த பையன். அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, நாடாளுமன்றத்துக்கு ஒன்று, இடைத்தேர்தலுக்கு ஒன்று என இரண்டு தொகையையும் காலண்டரில் ஏப்ரல் 19-க்குப் பக்கத்தில் எழுதிவைத்தார். ஜூன் 4 அன்று நாகர்கோவில் கோணத்தில் எண்ணி முடித்தார்கள். பிறகு பூத்வாரியான முடிவு படிவம் 20-ஆக இணையத்தில் வந்ததும் என் போனில் தேடி எடுத்துக் கொடுத்தேன். நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வேட்பாளர் ஒவ்வொருவரின் ஓட்டையும் நோட்டாவையும் பென்சிலால் எழுதிக் கூட்டினார். இரண்டு தடவை கூட்டினார்.

இரண்டும் சரியாக வந்தன.

காலண்டரில் அந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சரி மக்ளே, நம்ம பெட்டி சரி. உனக்க கவரு?" என்றார்.