சஃபாரி பூங்கா, வேலிப் பிரிவு நாட்குறிப்பு

ஜூன் 2

காலைச் சுற்றில் சிங்க உலாவிடத்தின் வடக்குப் பக்க மின்வேலியில் மீட்டர் 3,400 வோல்ட்தான் காட்டியது. வழக்கமாக அங்கே 7,000க்குக் கீழே இறங்காது. கம்பி அறுந்திருக்குமோ என்று நடந்து பார்த்தால், வழக்கமான ஆசாமிதான்: புல். ராத்திரி மழையில் தழைந்து கீழ்க்கம்பி மேல் சாய்ந்திருந்தது. ஈரப்புல் தொட்ட இடமெல்லாம் மின்சாரம் கசிந்து மண்ணுக்குப் போய்விடும். அரிவாளால் அறுத்துத் தள்ளியதும் 7,200.

மின்வேலி என்றதும் கருகிச் சாகும் என்று நினைக்கிறார்கள். இதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. நொடிக்கு ஒரு தரம் போல, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பு, அவ்வளவுதான். சுள்ளென்று ஒரு தடவை பட்ட சிங்கம் அப்புறம் மூக்கை அங்கே கொண்டுபோகாது. உண்மையில் சிங்கத்தை நிறுத்துவது பின்னால் இருக்கும் உயரமான கம்பிவலையும், அதன் உச்சியில் உள்பக்கம் சாய்த்த வலையும். மின்கம்பியின் வேலை சிங்கத்தை அந்த வலையிடமே போகவிடாமல் வைப்பது.

வலைக்கு அடியில் மழைத்தண்ணீர் ஒரு குழி பறித்திருக்கிறது. கை நுழைகிற அளவு. கல்லும் கான்கிரீட்டும் போட்டு மூடச் சொல்லியாயிற்று. சிங்கம் ஒன்றும் பெரிய தோண்டுகாரன் இல்லை. ஆனால் யாரோ தோண்டி வைத்ததை விட்டுவைக்கவும் மாட்டான்.

ஜூன் 5

பார்வையாளர் கூட்டம். வண்டிகள் சிங்க வளாகத்துக்குள் வரும் இரட்டைக் கதவில் நாள் பூரா நின்றேன். முதல் கதவு மூடிப் பூட்டு விழுந்தால்தான் அடுத்தது திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க முடியாதபடி அமைப்பு. பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

வெளியே வரும்போது பாதிப் பேர் சொல்வது ஒன்றே: "தூங்கிட்டே இருக்குங்க." சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும், காட்டிலும் அப்படித்தான். சில பூங்காக்களில் சாலையோரப் பாறைக்குள் சூடேற்றும் கம்பி பதித்திருக்கிறார்கள். குளிர் நாளில் சிங்கம் தானாக வந்து அதன்மேல் படுக்கும், வண்டியிலிருப்பவர்களும் பார்ப்பார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, போகலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவது சிங்கம். இரவுக் கூண்டின் கதவைப் பகலில் அடைத்து, வேறு வழியில்லாமல் வெளியே நிற்கவைப்பது வேறு விஷயம். அதைக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜூன் 6

மழை. சாவிப் பெட்டி, பூட்டு எண்ணிக்கை, எண்ணெய். வேறொன்றும் இல்லை.

ஜூன் 11

ஓரிக்ஸ் வருகிறது. உடம்பு வெள்ளை, கழுத்து செம்பழுப்பு, கொம்பு அரிவாள் போல முதுகுப் பக்கமாக வளைந்திருக்கும். சகாராவின் ஓரத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த மான் இனம், வேட்டையாடியே தீர்த்தார்கள். 2000ஆம் ஆண்டு காட்டில் முற்றிலும் அழிந்துவிட்டது என்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. அப்போது உயிரோடிருந்ததெல்லாம் வேலிக்குள் இருந்தவைதான். அந்த வேலிக்குள் இருந்தவற்றின் வம்சத்தைத்தான் 2016 முதல் சாட் நாட்டில் திரும்ப விடுகிறார்கள். அங்கேயே குட்டி போட்டுப் பெருகி, 2023ல் அந்த அமைப்பின் பட்டியலில் இரண்டு படி மேலேறி 'அருகிவரும் இனம்' ஆயிற்று. வேலி கட்டுகிற வேலையில் பெருமைப்பட அதிகம் கிடைக்காது. இது ஒன்று கிடைக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். புது மான்களை நேராகப் பெரிய வெளியில் விடக்கூடாது. முதலில் சின்ன அடைப்பு, பலகைச் சுவர், போமா என்போம். அதிலிருந்து கம்பிவலை அடைப்பு. அதற்கப்புறம்தான் வெளி. இதில் ஆபத்தான கட்டம் நடுவில் இருப்பது. கம்பிவலை மானின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதன் வழியே தெரிகிற புல்தான் தெரியும். மிரண்டு ஓடும் மான் முழு வேகத்தில் வலையில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். அதனால் வலை நெடுக சாக்குத் துணியைக் கிழித்துக் கட்டினோம், கை நீளத்துக்கு ஒன்றாக, மானின் கண் உயரத்துக்கு. அடைப்பின் மூலைகளை மட்டும் பலகை வைத்து வளைவாக்கினோம். செங்கோண மூலையில் பலசாலி ஒருத்தன் மற்றவனை ஒதுக்கினால் தப்ப இடமிருக்காது. அந்தக் கொம்பு இருக்கிறதே, அதை அருகில் பார்த்தவன் மூலை வைக்கமாட்டான்.

சாயங்காலம் பார்வையாளர் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "என்ன சார் இது, கந்தல் தொங்குது. போட்டோவுல அசிங்கமா விழும்" என்றார். மான் வந்து பழகட்டும், எடுத்துவிடலாம் என்றேன்.

ஜூன் 12

பெட்டிகள் விடியற்காலையில் இறங்கின. கதவைத் தூக்கிவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். கம்பை வைத்துத் தட்டி வெளியேற்றுவது அந்தக் காலம். முதல் பெட்டியிலிருந்த பெண் மான் மூக்கை மட்டும் நீட்டி, பலகையின் ஓரத்தை நக்கி, உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது. முன்னங்கால் ஒன்று மண்ணில் பட்டது, எடுத்தது, மறுபடி வைத்தது. கால்நடை மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நல்ல டாக்டர்.

ஹெடிகர் என்ற சுவிஸ் விலங்கியலாளர் சொன்ன ஓட்டத் தூரம் என்ற கணக்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எதிரி எவ்வளவு கிட்டத்தில் வந்தால் மிருகம் ஓட ஆரம்பிக்கும் என்பது அது. அடைப்பின் நடுவில் நின்றாலும் அந்தத் தூரம் கிடைக்காவிட்டால், எவ்வளவு தீனி போட்டாலும் அது ஓயாத பயத்தில்தான் இருக்கும். பரப்பளவு எத்தனை ஏக்கர் என்று கேட்பவர்கள், எந்த மூலையிலிருந்து மனிதன் வருவான் என்று கேட்பதில்லை. நாங்கள் எங்கே ஒரு கதவு வைக்கிறோம் என்பதிலேயே அந்தப் பரப்பில் பாதி போய்விடும்.

ஜூன் 15

அகழியில் சேறு வாரும் வேலை. கம்பி இல்லாமல் அகழியால் பிரித்துக் காட்டும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக். 1907ல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் அவர் பூங்கா திறந்தது. எந்த மிருகம் எவ்வளவு தூரம், உயரம் தாண்டும் என்று சோதித்துப் பார்த்துத்தான் அகழியின் அகலத்தை முடிவு பண்ணினார். அவர் விலங்கு வியாபாரி, மனிதர்களையும் காட்சிக்கு வைத்தவர், அதெல்லாம் தனிக்கதை. அகழி மட்டும் நின்றுவிட்டது.

சேற்றில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. ஹாகன்பெக்கிலிருந்து இன்றுவரை காசைக் கொட்டுவதெல்லாம் மனிதன் கண்ணிலிருந்து வேலியை மறைக்கத்தான். மிருகத்துக்கோ வேலி நன்றாகத் தெரியவேண்டும். தெரிந்தால்தான் அது தன் எல்லைக்குள் நிம்மதியாக இருக்கும். சாக்குத் துணிச் சண்டை முழுவதும் இதற்குள் அடக்கம்.

ஜூன் 19

காண்டாமிருகக் கொட்டகையின் பின்பக்கம் புதுத் தூண்கள். இங்கே வலையே கிடையாது. தரையில் ஆழமாக ஊன்றிய இரும்புக் குழாய்கள், உள்ளே கான்கிரீட். இரண்டு குழாய்க்கு நடுவில் ஆள் ஒருக்களித்து நுழையலாம், மிருகத்தின் தலைகூட நுழையாது. ஏணி, கதவு, பூட்டு ஒன்றும் தேவையில்லை, திரும்பி ஓடினால் போதும். நம் வளாகத்திலேயே புத்திசாலித்தனமான வேலி இதுதான் என்பேன்.

வெளியில் அதன் சாணிமேட்டைத் தொடக்கூடாது என்று புதுப் பையனுக்குச் சொல்லிவைத்தேன். ஆண் காண்டாமிருகம் ஒரே இடத்தில்தான் சாணி போடும். பின்னங்காலால் உதைத்துச் சிதறவிடும். இது என் இடம் என்று மற்றவற்றுக்குச் சொல்கிற வழி அது. சுத்தம் என்ற பேரில் முழுவதும் வாரினால் அடுத்த நாள் நிலைகொள்ளாமல் அலையும். கொஞ்சம் விட்டுவைக்கவேண்டும்.

"அண்ணே, வெள்ளைக் காண்டாமிருகம் இத்தனை இருக்கே, அப்புறம் ஏன் அழியுதுன்னு சொல்றாங்க?" என்று கேட்டான். அதில் தெற்கு, வடக்கு என்று இரண்டு உள்ளினம். தெற்கு இனம் நூறுக்கும் கீழே போய் மீண்டது. வடக்கு இனத்தில் இன்று மிஞ்சியிருப்பது நஜின், ஃபத்து என்ற தாயும் மகளும் மட்டும். இரண்டும் பிறந்தது செக் நாட்டின் துவூர் கிராலோவே பூங்காவில். 2009ல் கென்யாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடான் என்று பேர் வைத்த கடைசி ஆண் 2018ல் செத்துப்போனது. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் தூணுக்குள் தானே நுழைந்து பார்த்தான். தொப்பை இடித்தது.

ஜூன் 24

ஓரிக்ஸ் அடைப்பில் சாக்குகளைக் கழற்ற ஆரம்பித்தோம். ஒன்று விட்டு ஒன்று. மிச்சத்தைச் சில நாள் கழித்து.

அடுத்தது கலப்பு வெளி. ஒட்டகச்சிவிங்கிகளைப் பற்றிக் கவலை இல்லை, அவை மேலே பார்த்துக்கொண்டு போய்விடும். வரிக்குதிரை ஆண்தான் தகராறு; குட்டிகளைத் துரத்திக் கடிக்கிற பழக்கம் உண்டு. அதனால் வெளியின் இரண்டு இடத்தில் தாழ்வான குறுக்குக் கட்டைகள் வைத்த ஒதுங்கிடம் கட்டியிருக்கிறோம். குட்டி குனிந்து நுழையும், பெரியது நுழையாது. தீனித் தொட்டிகளும் தள்ளித் தள்ளி, தலைக்கு ஒன்றும் கூட ஒன்றும். ஒரே தொட்டி என்றால் சண்டை உறுதி.

ஜூன் 28

சாலைக்கும் ஓரிக்ஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள மண்மேட்டை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், வண்டியிலிருந்து தெரியவில்லையாம். அந்த மேட்டுக்குப் பின்னால்தான் அவை படுத்து அசைபோடுகின்றன. எடுத்தால் வண்டிகள் போகும் நேரமெல்லாம் தொலைக்கோடியில் போய் நிற்கும், அப்போது யாருக்கும் தெரியாது. இதையே எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று பதில்: மேடு இருக்கும், சாலையின் வளைவை முப்பது மீட்டர் மேற்கே நகர்த்தி, உயரமான இடத்தில் வண்டி நிற்கச் செய்யலாம்.

நல்லது. ஆனால் அந்த உயரத்தில் மின்வேலியின் எர்த் கம்பிகள் புதைத்திருக்கின்றன. திங்கட்கிழமை முதலில் அதை இடம் மாற்றவேண்டும்.